வலி போய்விட்டது, முட்டி சரியாகவில்லை: தங்கைக்காக ஓர் அண்ணன் கேட்ட கேள்வி

கேள்வி:

டாக்டருக்கு வணக்கம். மண்டபத்துக்குப் பக்கத்தில் கடற்கரை ஊர் எங்களுக்கு. நான் விசைப்படகில் கூலிக்குப் போகிறேன். அம்மா பாசி எடுக்கப் போவார். அப்பா இல்லை. தங்கச்சிக்கு 16 வயது, அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிறாள். கபடியில் மாவட்டப் போட்டி வரை ஆடியவள். போன செப்டம்பரில் ரெய்டு போனவள் பிடியிலிருந்து திரும்பி ஓடப் பார்த்தபோது முட்டிக்குள் ‘டப்’ என்று சத்தம் கேட்டதாம். சாயங்காலத்துக்குள் முட்டி வீங்கிவிட்டது. எக்ஸ்ரே எடுத்து, எலும்பு நன்றாக இருக்கிறது என்று கட்டுப் போட்டு மாத்திரை கொடுத்தார்கள். அப்புறம் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் எண்ணெய் போட்டு நீவிக் கட்டினோம். ஒரு மாதத்தில் வலி போய்விட்டது. நவம்பரில் மறுபடி ஆடப் போனாள், கால் மடங்கி விழுந்தாள். இப்போது மணலில் நடந்தாலே முட்டி நழுவுகிறது என்கிறாள். சில நேரம் மடக்கிய இடத்திலேயே சிக்கிக்கொள்கிறது, ஆட்டிவிட்டால்தான் விடுபடுகிறது.

எங்கள் படகு முதலாளி மகனுக்கும் அதே செப்டம்பரில் கால்பந்தில் இதே மாதிரி அடி. பத்தே நாளில் ஸ்கேன் எடுத்து, ஒன்றரை மாதத்தில் மதுரையில் ஆபரேஷன் செய்துவிட்டார்கள். இப்போது கடற்கரையில் ஓடுகிறான், ஏப்ரலில் மேட்ச் ஆடப் போகிறானாம். தங்கச்சிக்குத் தனியாரில் விசாரித்தால் 1 லட்சத்து 80 ஆயிரம் சொல்கிறார்கள். அம்மா ‘பொம்பளப் புள்ளைக்குக் கால்ல கத்தி வைக்கக் கூடாது, விளையாட்டை விட்டுட்டா சரியாப் போகும்’ என்கிறார். சென்னையில் ஒரு பெண் ஆபரேஷனுக்குப் பிறகு இறந்ததையும் சொல்லிப் பயப்படுகிறார். செய்வதாக இருந்தால் மீன்பிடித் தடைக்காலத்தில் செய்யலாமா? அப்போதுதான் நான் கரையில் இருப்பேன். ஐந்து மாதம் விட்டுவிட்டோமே, காலம் கடந்துவிட்டதா? பணம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் ஏன் டாக்டர் இப்படி?

பதில்:

அன்புள்ள தம்பி,

காலம் கடந்துவிடவில்லை. அதை முதலில் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். ஆனால் தங்கச்சியின் முட்டியை இனி ஒரு வாரம்கூட அப்படியே விடக் கூடாது. ஏன் என்று விளக்கமாகவே எழுதுகிறேன்.

நேரில் பார்க்காமல் எந்த மருத்துவரும் உறுதியாகச் சொல்ல முடியாது. இருந்தாலும் நீங்கள் எழுதியிருக்கும் வரிசை எனக்கு நன்றாகப் பழக்கமானது. யாரும் முட்டியில் மோதாமலே, திரும்பும்போது ‘டப்’ என்ற சத்தம். சில மணி நேரத்தில் வீக்கம். ஒரு மாதத்தில் வலி குறைவது. மறுபடி ஆடும்போது கால் நழுவுவது. இதைக் கேட்டதும் நான் முதலில் சந்தேகப்படுவது ஏ.சி.எல். என்ற லிகமென்ட்டைத்தான். முழங்காலுக்கு உள்ளே தொடை எலும்பையும் கால் எலும்பையும் குறுக்காகப் பிடித்திருக்கும் இணைப்பு நார் அது. அடிபட்ட சில மணி நேரத்துக்குள் முட்டி வீங்கினால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது என்று பொருள். அப்படி வீங்கிய இளம் விளையாட்டு வீரர்களின் முட்டியைச் சோதித்தால் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்த லிகமென்ட்தான் கிழிந்திருக்கும்.

எக்ஸ்ரேயில் லிகமென்ட் தெரியாது, எலும்பு மட்டும்தான் தெரியும். ‘எலும்பு நன்றாக இருக்கிறது’ என்று அன்று சொன்னது பொய்யில்லை. வீக்கம் வடிந்ததும், இரண்டு மூன்று வாரத்தில், முட்டியை மறுபடி பிடித்துப் பார்த்திருக்க வேண்டும். எலும்பு மூட்டு மருத்துவர் தொடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் கீழ்க்காலை முன்பக்கம் இழுத்துப் பார்ப்பார். நல்ல காலில் ‘டக்’கென்று ஒரு பிடிப்புக் கிடைக்கும். லிகமென்ட் அறுந்த காலில் அந்தப் பிடிப்பு இருக்காது. அரை நிமிட வேலை, மெஷின் எதுவும் வேண்டாம். மறுபடி வரச் சொல்ல ஆளில்லாததாலும், வலி போனதும் நாமே போகாததாலும்தான் அது விட்டுப்போனது.

இந்த வலி விஷயம்தான் எல்லாரையும் ஏமாற்றுகிறது. கயிறு அறுந்த வள்ளம் அலையில்லாத கடலில் அசையாமல் நிற்கும், காற்று திரும்பும்போதுதான் தெரியும் என்பது உங்களுக்குத் தெரியாததா? ஏ.சி.எல். இல்லாத காலும் நேராக நடக்கும், மாடிகூட ஏறும். திரும்பினால், குதித்து இறங்கினால், மணலில் கால் புதைந்தால் நழுவும். அப்படி நழுவும் ஒவ்வொரு தடவையும் உள்ளே இருக்கும் இன்னொரு பொருள் நசுங்குகிறது. இரண்டு எலும்புக்கும் நடுவில் பிறை வடிவத்தில் இரண்டு மெத்தைகள் இருக்கின்றன. மெனிஸ்கஸ் என்போம், ஜனங்கள் ‘ஜவ்வு’ என்பார்கள். நவம்பரில் அவள் விழுந்ததையும், இப்போது முட்டி சிக்கிக்கொள்வதையும் சேர்த்துப் பார்த்தால் ஜவ்வும் கிழிந்திருக்கலாம் என்று கவலைப்படுகிறேன்.

16 வயதில் ஜவ்வு கிழிந்தால் தையல் போட்டுக் காப்பாற்றவே பார்க்க வேண்டும். நாள் ஆக ஆக, நழுவ நழுவ, கிழிந்த ஓரம் நைந்துபோய்விடும். அப்போது தையல் நிற்காது, அந்தப் பகுதியை வெட்டி எடுக்க வேண்டி வரும். வெட்டிய முட்டிக்குத் தேய்மானம் பல வருடம் முன்னதாகவே வரும். படகு முதலாளி மகனுக்கும் உங்கள் தங்கச்சிக்கும் செப்டம்பரில் அடிபட்டபோது காயம் ஒரே மாதிரி இருந்திருக்கலாம். ஐந்து மாதத்தில் அது இரண்டு வேறு காயமாக மாறியிருக்கலாம். உங்கள் கோபம் நியாயமானதுதான் தம்பி, எனக்கும் அந்தக் கோபம் உண்டு.

‘பணம் இல்லாத பிள்ளைக்கு மட்டும் ஏன்’ என்று கேட்டீர்கள். நம் கரையில் மட்டும் இப்படி இல்லை. அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள், முடிவு 2012-ல் வெளியானது. ஏ.சி.எல். கிழிந்த 14 வயதுப் பிள்ளைக்கு அப்பாயின்ட்மென்ட் வேண்டும் என்று 42 எலும்பு மூட்டு மருத்துவமனைகளுக்குப் போன் செய்தார்கள். தனியார் காப்பீடு இருக்கிறது என்று சொன்னபோது 38 இடங்களில் இரண்டு வாரத்துக்குள் நேரம் கிடைத்தது. ஏழைகளுக்கான அரசுக் காப்பீடு என்று சொன்னபோது 6 இடங்களில்தான் கிடைத்தது. பிள்ளையும் காயமும் அதேதான், மாறியது அட்டை மட்டும். அந்த நாட்டு ஆய்வுகளில் கறுப்பினப் பிள்ளைகளும் லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பிள்ளைகளும் அறுவை சிகிச்சைக்குத் தாமதமாக வந்து சேர்வதும், வரும்போது ஜவ்வும் சேர்ந்து கெட்டுப்போயிருப்பதும் திரும்பத் திரும்பத் தெரியவந்திருக்கிறது. அவ்வளவு வசதியுள்ள நாட்டிலேயே இப்படி என்றால், எலும்பு மூட்டு மருத்துவரைப் பார்க்க ஒரு நாள் கூலியை விட்டு பஸ் ஏற வேண்டிய கரையில் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் வீட்டில் பணத்தோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. அவள் பெண்பிள்ளை. ஒரே விளையாட்டை ஆடும் பையன்களைவிடப் பெண்பிள்ளைகளுக்கு ஏ.சி.எல். கிழியும் வாய்ப்பு இரண்டு மடங்கும் அதற்கு மேலும் அதிகம். இடுப்பு அமைப்பு, குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாய்வது, பின்தொடைத் தசையின் பலம் போதாதது என்று பல காரணம் சொல்கிறோம். எனக்குப் படும் இன்னொரு காரணம் உண்டு. பையன்கள் சின்ன வயதிலிருந்தே குதித்து, விழுந்து, எழுந்து பழகுகிறார்கள். பெண்பிள்ளை வயதுக்கு வந்ததும் ஓடுவதையே நிறுத்தச் சொல்லிவிட்டு, பள்ளியில் டீம் சேர்க்கும்போது மட்டும் நேராகக் களத்தில் இறக்குகிறோம். தசைக்குப் பயிற்சி இல்லாத பிள்ளைக்கு அடிபடுகிறது. அடிபட்ட பிறகு, பையன் என்றால் ‘எப்போது ஆடுவான்’ என்று கேட்கிற அதே வாய், பெண் என்றால் ‘எதுக்கு ஆடணும்’ என்று கேட்கிறது. ஆபத்து யாருக்கு அதிகமோ அவர்களுக்குத்தான் வைத்தியம் குறைவாகக் கிடைக்கிறது.

அம்மாவின் பேச்சைத் தட்டச் சொல்லவில்லை. அவர் கேட்டிருப்பதற்கு மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டும். விளையாட்டை விட்டுவிட்டால் அறுவை சிகிச்சை இல்லாமலே சிலர் நன்றாக இருக்கிறார்கள், அது உண்மைதான். ஸ்வீடனில் இளவயதுக்காரர்கள் 121 பேரிடம் செய்த ஆய்வு ஒன்று உண்டு. முதலில் பயிற்சி மட்டும் கொடுத்து, தேவைப்பட்டால் பிறகு அறுவை செய்யலாம் என்று விட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஐந்து வருடம் கழித்தும் அறுவை தேவைப்படவில்லை. ஆனால் அவர்கள் எல்லாரும் 18 வயது நிறைந்தவர்கள். அவர்களுக்கு ஒழுங்கான பயிற்சி கிடைத்தது. உங்கள் தங்கச்சிக்கோ வெறுமனே நடக்கும்போதே நழுவுகிறது, முட்டி சிக்குகிறது. கபடியை விட்டாலும் அவள் மணலில் நடக்காமல், குடம் தூக்காமல், குத்துக்காலிட்டு உட்காராமல் இருந்துவிட முடியுமா? நொண்டிவிடுவாளோ என்றுதானே அம்மா பயப்படுகிறார், கவனிக்காமல் விட்ட முட்டிதான் முப்பது வயதுக்குப் பிறகு நொண்ட வைக்கும். தழும்பைப் பற்றிக் கேட்டால் சொல்லுங்கள்: முட்டியின் முன்பக்கம் விரல் நக அகலத்துக்கு இரண்டு மூன்று துளை, புது லிகமென்ட் செய்யப் பின்தொடைத் தசைநாரிலிருந்து இழை எடுக்க முட்டிக்குக் கீழே இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீறல். வழக்கமாக அவ்வளவுதான்.

சென்னைச் சம்பவத்துக்கு வருகிறேன். 2022 நவம்பரில் 17 வயதுக் கால்பந்து வீராங்கனை ஒருவர் இதே மாதிரி முழங்கால் அறுவைக்குப் பிறகு காலை இழந்து, உயிரையும் இழந்தார். அறுவைக்குப் பின் போட்ட கட்டு இறுக்கமாகி ரத்த ஓட்டம் தடைப்பட்டது என்று சுகாதார அமைச்சரே அப்போது சொன்னார். இரண்டு மருத்துவர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அந்தப் பிள்ளையை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. இது அரிதிலும் அரிதாக நடப்பது என்று மட்டும் சொல்லி உங்கள் அம்மாவின் வாயை அடைக்க எனக்கு விருப்பமில்லை. கூட இருப்பவர்கள் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவைப்பதுதான் சரி. முதல் இரண்டு நாள், மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை கால் விரலைத் தொட்டுப் பாருங்கள். மற்றக் காலைவிடச் சில்லென்று இருந்தால், வெளிறியோ நீலம் பாய்ந்தோ இருந்தால், விரலை அசைக்க முடியவில்லை, மரத்துப்போகிறது என்றால், மாத்திரைக்கும் ஊசிக்கும் அடங்காமல் வலி ஏறிக்கொண்டே போனால், அந்த நிமிடமே நர்ஸிடம் சொல்லுங்கள். ‘காலையில் டாக்டர் வருவார்’ என்று பதில் வந்தால் ஒப்புக்கொள்ள வேண்டாம், பணியில் இருக்கும் டாக்டரை எழுப்பிக் கட்டைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளை ‘வலிக்குது’ என்றால் ‘பொறுத்துக்கோ’ என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் உண்டு, அதுவும் பெண்பிள்ளையிடம் கூடுதலாகவே உண்டு. அந்த இரண்டு நாள் அந்தப் பேச்சு வேண்டாம். வீட்டுக்கு வந்த பிறகு கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, காயத்தில் நீர் வைத்தாலோ அன்றைக்கே திரும்பிப் போக வேண்டும்.

சரி, இப்போது என்ன செய்வது?

இந்த வாரமே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு மூட்டுப் பிரிவுக்கு அவளை அழைத்துப் போங்கள். நீங்கள் கடலுக்குப் போயிருந்தால் அம்மாவே கூட்டிப் போகலாம். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் இருவருக்கும் டிக்கெட் இல்லை. ‘முட்டி வலி’ என்று மட்டும் சொன்னால் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடக்கூடும், கூட்டம் அப்படி. அவளே வாயைத் திறந்து இப்படிச் சொல்லட்டும்: ‘கபடி ஆடும்போது திரும்பினேன், சத்தம் கேட்டது, அன்றைக்கே வீங்கியது, இப்போது நழுவுகிறது, சிக்கிக்கொள்கிறது, ஏ.சி.எல்.லும் ஜவ்வும் பார்க்க வேண்டும்.’ ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள். பழைய எக்ஸ்ரேயையும் எடுத்துப் போகட்டும். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எழுதுவார்கள். வெளியில் எடுக்கும் முன் அரசு மருத்துவமனையில் எங்கே, எவ்வளவு, காப்பீட்டு அட்டைக்குச் சலுகை உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எலும்பு நீளமாக வளரும் இடமான வளர்ச்சித் தட்டு மூடிவிட்டதா என்றும் எக்ஸ்ரேயில் பார்ப்பார்கள். 16 வயதுப் பெண்ணுக்குப் பெரும்பாலும் மூடியிருக்கும், அப்படியானால் அறுவையில் அந்தச் சிக்கல் இல்லை.

1 லட்சத்து 80 ஆயிரத்தை எண்ணி மலைக்க வேண்டாம். வட்டிக்கு வாங்கவோ, முதலாளியிடம் முன்பணம் கேட்கவோ இப்போது போகாதீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள் உள்ள குடும்பம் சேரலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. அட்டை இல்லையென்றால் கிராம நிர்வாக அலுவலர் மூலம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாருடன் கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையத்தில் பதியலாம். அட்டை இருந்தால் அதில் அவள் பெயர் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைத்த பிறகு பெயர் விட்டுப்போனது தெரிந்து திண்டாடும் குடும்பங்களை நான் நிறையப் பார்க்கிறேன். துளை வழி லிகமென்ட் அறுவை ராமநாதபுரத்திலேயே ஆகுமா, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குப் போக வேண்டுமா, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனை எது என்பதைக் காப்பீட்டுப் பிரிவு கவுன்ட்டரில் கேளுங்கள். கேட்கும்போதே ஜவ்வுத் தையலுக்கும் உள்ளே வைக்கும் திருகுக்கும் தனியாகக் காசு கேட்பார்களா என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். மதுரை என்றால் மண்டபத்திலிருந்து பாசஞ்சர் ரயில் பஸ்ஸைவிடச் செலவு குறைவு, காலை நீட்டி உட்காரவும் வசதி.

தடைக்காலத்தில் செய்யலாமா என்று கேட்டீர்கள். அது மிக நல்ல யோசனை தம்பி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நீங்கள் கரையில் இருப்பீர்கள். அவளுக்குப் பரீட்சை முடிந்திருக்கும், மே மாதம் லீவு. அறுவைக்குப் பிறகு ஆள் துணை மிகவும் தேவைப்படுவது அந்த இரண்டு மாதம்தான். ஒரே ஒரு நிபந்தனை: பரிசோதனையும் ஸ்கேனும் இப்போதே ஆக வேண்டும், அவற்றைத் தடைக்காலத்துக்குத் தள்ளக் கூடாது. ஸ்கேனில் ஜவ்வு பெரிதாகக் கிழிந்து மூட்டுக்குள் புரண்டிருக்கிறது என்று வந்தால், அல்லது முட்டி சிக்கிக்கொண்டு விடுபடாமலே நின்றுவிட்டால், தடைக்காலம் வரை காத்திருக்க முடியாது. நீங்கள் ஒரு வாரம் தொழிலை விட வேண்டியதுதான். அப்படி இல்லை, டாக்டரும் சரி என்கிறார் என்றால் ஏப்ரல் கடைசி தாராளமாகப் போதும். அதுவரை ஓட்டம், குதி, கபடி எதுவும் வேண்டாம். நீவி விடுவதும் எண்ணெய்க் கட்டும் வேண்டாம். கிழிந்த ஜவ்வை அழுத்தி நீவினால் நல்லதற்குப் பதில் கெடுதல்தான்.

நடுவில் கிடைக்கும் இந்த இரண்டு மாதம் வீண் இல்லை. தையற்காரர் இஞ்ச் டேப் ஒன்று எடுத்து, முட்டிச் சில்லின் மேல் விளிம்பிலிருந்து 15 சென்டிமீட்டர் மேலே இரண்டு தொடையையும் அளந்து பாருங்கள். அடிபட்ட தொடை மெலிந்திருப்பது எண்ணிலேயே தெரியும். அந்தத் தசையை அறுவைக்கு முன்பே தேற்றினால்தான் பின்னால் வேகமாகத் தேறும். பாயில் காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைக்கட்டும். தொடையை இறுக்கி, துண்டைக் கீழே அமுக்கி, பத்து எண்ணி விட வேண்டும். பத்துத் தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. பிறகு மல்லாந்து படுத்து, முட்டியை மடக்காமல் காலை ஒரு முழம் உயரத்துக்குத் தூக்கி இறக்குவது. பிறகு குதிகாலைப் பாயில் தேய்த்தபடியே இழுத்து முட்டியை மடக்கி நீட்டுவது. சிக்கும் இடத்தில் பலவந்தம் கூடாது. கூச்சப்பட்டால் கதவைச் சாத்திக்கொண்டு செய்யட்டும், ஆனால் ஒரு நாளும் விடக் கூடாது. ராமநாதபுரத்தில் டாக்டரைப் பார்க்கும்போதே பிசியோதெரபிப் பிரிவுக்கும் எழுதித் தரச் சொல்லி, இவற்றைச் செய்துகாட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதற்கு அப்புறம்தான் வருகிறது. அறுவை சிகிச்சைக்குத் திட்டம் இருக்கிறது, மருத்துவமனை இருக்கிறது, அலைந்தால் கிடைத்துவிடும். அதற்குப் பிந்திய ஒன்பது மாதத்துக்கு நம்மிடம் ஒரு திட்டமும் இல்லை. ஏழைப் பிள்ளைக்கும் வசதியான பிள்ளைக்கும் நடுவே பெரிய பள்ளம் அங்கேதான் இருக்கிறது. வசதியான வீட்டுப் பிள்ளை வாரம் இரண்டு தடவை காரில் போய் பிசியோவைப் பார்க்கும். உங்கள் தங்கச்சி ஒவ்வொரு தடவையும் ராமநாதபுரம் போய்வர, அம்மா ஒரு நாள் பாசியை விட வேண்டும். மூன்றாவது தடவையே நின்றுவிடும். பயிற்சி நின்றால் தொடை தேறாது, முட்டி முழுசாக நீளாது. அப்போது ‘ஆபரேஷன் செய்தும் பிரயோஜனம் இல்லை’ என்று ஊர் சொல்லும், அடுத்த வீட்டுப் பிள்ளையை யாரும் கூட்டிப் போக மாட்டார்கள்.

இதை இப்போதே யோசித்து வையுங்கள். பிசியோவிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: ‘எங்களால் மாதம் இரண்டு தடவைதான் வர முடியும், வீட்டில் செய்ய எழுதிக் கொடுங்கள்.’ வெட்கப்பட ஒன்றுமில்லை. அவர் செய்துகாட்டுவதை உங்கள் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். 2021-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பிசியோக்களும் உண்டு. பெரும்பாலும் முதியவர்களுக்குத்தான் வருவார்கள் என்றாலும், அறுவை முடிந்த 16 வயதுப் பிள்ளைக்காக நீங்கள் கேட்பதில் தப்பில்லை. உள்ளூர்க் கழிப்பறையில் குத்துக்காலிட்டு உட்காருவது ஆரம்ப மாதங்களில் முடியாது, நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி ஒன்று முன்கூட்டியே தயார் செய்யுங்கள். இந்தச் சின்ன விஷயத்துக்காகவே தண்ணீர் குடிக்காமல் பட்டினி கிடக்கும் பெண்பிள்ளைகளை வார்டில் பார்க்கிறேன். யாரும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை.

படகு முதலாளி மகனைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், கோபப்படாமல் கேளுங்கள். அவன் அறுவை முடிந்து நான்கு மாதம்கூட முழுசாக ஆகவில்லை. நேராக ஓடலாம், சரி. ஏப்ரலில் மேட்ச் ஆடினால் அது ஆபத்து. புது லிகமென்ட் உடம்போடு சேர்ந்து பலப்படக் குறைந்தது ஒன்பது மாதம் வேண்டும். நார்வேயில் செய்து 2016-ல் வெளியான ஆய்வில், களத்துக்குத் திரும்புவதை ஒன்பது மாதம் வரை ஒவ்வொரு மாதமாகத் தள்ளிப்போட, மறுபடி அடிபடும் வாய்ப்பு ஏறக்குறைய பாதி பாதியாகக் குறைந்தது. 25 வயதுக்குள் இருப்பவர்கள் மறுபடி களத்தில் இறங்கினால், ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இந்தக் காலிலோ அடுத்த காலிலோ மறுபடி லிகமென்ட் கிழிகிறது. அந்தப் பையனிடம் இதைச் சொல்லுங்கள். அவனும் பிள்ளைதானே.

தங்கச்சிக்கும் அதே கணக்குத்தான். ஏப்ரல் கடைசியில் அறுவை என்றால் அடுத்த பிப்ரவரிக்கு முன் கபடி இல்லை. பிளஸ் டூ படிக்கும் வருடம் முழுக்க ஆட முடியாது. அது அவளுக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்று எனக்குத் தெரியும். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு, கல்லூரியில் ஸ்போர்ட்ஸ் சீட்டு என்று அவள் மனசில் கணக்குப் போட்டு வைத்திருப்பாள். கடற்கரைப் பெண்பிள்ளைக்குக் கபடி பொழுதுபோக்கு இல்லை, ஊரைத் தாண்டிப் போக இருக்கும் ஒரே வாசல். அதனால்தான் ‘விளையாட்டை விட்டுவிடு’ என்ற வைத்தியத்தை அவ்வளவு லேசாக எழுதிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. மாவட்டம் வரை ஆடிய சான்றிதழ்களைப் பத்திரமாக வைத்திருங்கள். அவற்றோடு ராமநாதபுரம் மாவட்ட விளையாட்டு அலுவலரையும், திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரையும் பார்த்து, சிகிச்சைக்கும் பயணச் செலவுக்கும் உதவி கேட்டு மனுக் கொடுங்கள். பள்ளிக்காக ஆடும்போது பட்ட அடி என்று தலைமையாசிரியரிடம் ஒரு கடிதம் வாங்கி மனுவோடு இணையுங்கள்.

அவளுடைய விளையாட்டு ஆசிரியரிடமும் ஒன்று சொல்ல வேண்டும். பயிற்சிக்கு முன் 15, 20 நிமிடம் செய்யும் ஒரு தயாரிப்புப் பயிற்சி இருக்கிறது. கால்பந்துக்காரர்கள் ‘ஃபிஃபா 11 பிளஸ்’ என்பார்கள். ஒற்றைக் காலில் நிற்பது, குதித்து முட்டி உள்ளே சாயாமல் மெத்தென்று இறங்குவது, பின்தொடையைப் பலப்படுத்துவது, இவ்வளவுதான். காசு வேண்டாம், கருவி வேண்டாம், கடற்கரை மணலே போதும். இந்த மாதிரிப் பயிற்சியை வாரம் இரண்டு மூன்று நாள் விடாமல் செய்த அணிகளில் ஏ.சி.எல். காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருக்கிறது. பெண்பிள்ளைகளுக்கு அதில் பலன் கூடுதல். தங்கச்சி ஆட முடியாத அந்த வருடத்தில் அவளையே நிறுத்தி மற்றப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கச் செய்யலாம். டீமோடு அவளுக்கு ஒட்டும் விடாது.

ஸ்கேன் எடுத்ததும் ரிப்போர்ட்டின் கடைசியில் ‘இம்ப்ரெஷன்’ என்று நாலைந்து வரி இருக்கும். அதைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். ஜவ்வைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, ஏப்ரல் வரை காத்திருக்கலாமா கூடாதா என்று உடனே பதில் எழுதுகிறேன். தொடை அளவு இரண்டையும் மறக்காமல் சேர்த்து எழுதுங்கள்.